மேஸ்திரியின் கண்ணாடி

அன்புள்ள கார்த்திக்,

போன ஞாயித்துக்கிழமை நான் விஷயத்தைச் சொன்னதும் "இந்த வயசுலயாம்மா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு போனை வச்சிட்ட. அதுக்கப்புறம் உன்கிட்டேர்ந்து வர்றதெல்லாம் "மாத்திரை போட்டியா", "பால்கனி கதவைப் பூட்டினியா" அவ்வளவுதான். நானும் "போட்டேன்", "பூட்டினேன்"னு பதில் அனுப்பிட்டு இருக்கேன். அம்மாவும் பிள்ளையும் பேசிக்கற லட்சணமா இது? அதான் கடிதம் எழுத உக்காந்துட்டேன். அதுவும் தமிழ்ல. உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், புனேல வளர்ந்த பிள்ளைக்கு அதுவே பெரிசு. மெதுவாத்தான் படிப்ப, நல்லதாப் போச்சு. போன்ல நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ நாலு சொல்லிடற, இங்க நடுவுல புகுந்து பேச உனக்கு வழியே இல்ல. காபி போட்டுக்கிட்டு வந்து உக்காரு.

முதல்ல கறாரா சொல்லிடறேன். நானும் சுதாகரும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். டிசம்பர்ல நீ லீவுக்கு வர்ற வாரத்துல, இங்கயே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. மண்டபம் இல்ல, மேளம் இல்ல, முடிச்சிட்டு வந்து வீட்ல சாப்பாடு. அது முடிவாயிடுச்சு. நீ வருவியா, இல்ல டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு அங்கயே உக்காந்துடுவியா, அது மட்டும்தான் எனக்குத் தெரியல. இந்த ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்காம இருக்கறது அதுக்காகத்தான், ஊர் என்ன சொல்லுமோன்னு இல்ல. ஊர் எப்பவும் எதாவது சொல்லிட்டுத்தான் இருக்கும்.

இதை உனக்குப் புரிய வைக்கணும்னா நான் குருவிகள்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். சிரிக்காத. நம்ம விஷ்ராந்த்வாடி பால்கனிக்கு உங்கப்பா கம்பி வலை அடிச்சது ஞாபகம் இருக்கா? தேஹு ரோடு டிப்போவுலேர்ந்து வேலை முடிஞ்சு வந்தவர், கையில ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. உள்ள ஒரு ஜோடி ஜீப்ரா ஃபிஞ்ச். கட்டைவிரல் அளவு உடம்பு, செக்கச்செவேல்னு மூக்கு, ஆணுக்குக் கன்னத்துல ஆரஞ்சு பொட்டு. நான் அன்னிக்கு ஆடின ஆட்டம் உனக்குத் தெரியும். "துணி காயப்போட இருந்த ஒரே இடமும் போச்சா"ன்னு கத்தினேன். உங்கப்பா கொடியை சமையலறை ஜன்னல் பக்கம் மாத்திக் கட்டிக் குடுத்துட்டு, குருவிக்குத் தண்ணி வைக்கப் போயிட்டார். அந்த மனுஷன் சண்டைல ஜெயிச்சதே அப்படித்தான். ஒரு மாசத்துல நானே ராளா கடைக்குப் போய் நின்னேன். நம்ம ஊர்ல தினைன்னு சொல்றதை இங்க ராளான்னு கேட்டாத்தான் குடுப்பான், அதுவும் தூசி இல்லாம இருக்கான்னு கையில எடுத்து ஊதிப் பாத்து வாங்கணும்னு எனக்குத் தெரிஞ்சது அப்பதான்.

அந்த ஆண் குருவி நாள் முழுக்கப் புல்லை எடுத்துட்டு ஓடும். மண் கலயத்துக்குள்ள வைக்கும், பிடிக்கலேன்னா எடுத்து வெளிய போடும், மறுபடி வேற புல். உங்கப்பா அதுக்கு மேஸ்திரின்னு பேர் வச்சார். அதுக்குப் பிறந்ததுல நல்லா வேலை பாக்கற ஆண் எதுவோ அதுவும் மேஸ்திரிதான். அதோட பாட்டு, பொம்மை ஆட்டோ ஹாரன் மாதிரி பீப் பீப்னு ஆரம்பிச்சு, நடுவுல கொஞ்சம் கரகரன்னு போய், கடைசில ஒரு இழுப்பு இழுக்கும். உங்கப்பா ஷேவ் பண்ணும்போது அந்த இழுப்பை அப்படியே செய்வார். நீ பாத்ரூம் கதவைத் தட்டி, "அப்பா, ஸ்கூல் பஸ் போயிடும், குருவி மாதிரி கத்தறதை நிறுத்து"ம்ப.

உங்கப்பா போனப்புறம் குருவிகளை எல்லாம் யார் யாருக்கோ குடுத்துட்டேன். தினமும் காலைல அந்தச் சத்தம் கேட்டா எனக்கு அழுகை வந்துச்சு, கேக்கலேன்னாலும் வந்துச்சு. கடைசில ஒரு ஜோடியை மட்டும் நிறுத்திக்கிட்டேன், அப்ப இருந்த மேஸ்திரியும் அவன் பொண்டாட்டியும். அதுலயும் எனக்குப் பக்குவம் பத்தல. கலயத்தை வருஷம் பூரா உள்ளயே விட்டுட்டேன். கலயம் இருந்தா பெட்டை முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், உடம்புல இருக்கற சத்தெல்லாம் போயிடும். குஞ்சு எடுத்து முடிச்சதும் கலயத்தை வெளிய எடுத்து, சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீன் ஓடும் அவிச்ச முட்டையும் குடுத்து நாலஞ்சு மாசம் ஓய்வு விடணும். அது எனக்குத் தெரியறதுக்குள்ள ஒரு காலைல அது முட்டை சிக்கி, தரைல உருண்டையா உக்காந்திருந்துச்சு. சுடு தண்ணி ஒத்தடம் குடுத்தேன், விளக்கெண்ணெய் தடவினேன், சாயங்காலம் என் கையிலயே போயிடுச்சு. மேஸ்திரி அதுக்கப்புறம் பாடல. கம்பில ஒரு ஓரமா உக்காந்துக்கும், தினையைக் கொறிக்கும், மறுபடி அதே ஓரம்.

பாவம், தனியா இருக்கானேன்னு நான் அவனுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினேன். குருவி வளக்கறவங்க நிறைய பேர் செய்யறதுதான், கடையிலயே கம்பில மாட்டற கொக்கியோட விப்பாங்க. ரோஸ் கலர் சட்டம் போட்ட சின்னக் கண்ணாடி. மாட்டின மறுநாளே மேஸ்திரி அதுக்குப் பக்கத்துல போய் உக்காந்துட்டான். ரெண்டு நாள்ல பாட்டு வந்துடுச்சு. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேனே, நீகூட சிவப்பு இதயமா போட்டிருந்த. இன்னொரு ஜோடி தேடற தொல்லை இல்ல, சண்டை இல்ல, சாவு இல்ல, இதுவே போதும் அவனுக்குன்னு நினைச்சேன். எனக்கும் சேத்துத்தான் அதை நினைச்சேன்னு இப்பத் தெரியுது.

அதே சமயம்தான் நீ அந்தப் பெரிய ஸ்கிரீனை வாங்கி அனுப்பின. சாப்பாட்டு மேஜைல சுவத்துல சாச்சு வச்சேன். உனக்குக் காலைல, எனக்குச் சாயங்காலம். நான் புடவை மாத்தி, தலை வாரிக்கிட்டு, தட்டுல டிபனைப் போட்டுக்கிட்டு உன் முன்னாடி உக்காருவேன். என்ன சமைச்சேன்னு நான் சொல்லுவேன், குளிர் எவ்வளவுன்னு நீ சொல்லுவ. உன் முகத்தைப் பாக்காத நாள் கிடையாது. அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்குவேன், கனடால இருந்தாலும் எம்பிள்ளை என்கூட உக்காந்துதான் சாப்பிடறான்னு. இது ஒண்ணும் பொய் இல்ல கண்ணா. அந்த நாலு வருஷம் அந்த ஸ்கிரீன் இல்லேன்னா நான் என்ன ஆகி இருப்பேன்னு தெரியல.

போன வருஷம் ஒரு நாள், அவியல் எப்படிச் செஞ்சேன்னு உனக்கு விலாவாரியா சொல்லிட்டு இருந்தேன். நீ வாயை லேசா திறந்தபடி ரொம்பக் கவனமா கேட்டுட்டு இருந்த. அடடா, இன்னிக்குப் பிள்ளை குறுக்கே பேசாம கேக்கறானேன்னு நானும் முருங்கைக்காய்லேர்ந்து தேங்காய் எண்ணெய் வரைக்கும் போயிட்டேன். "ஏண்டா பதிலே சொல்ல மாட்டேங்கற"ன்னு கேட்டப்பதான் புரிஞ்சது, நெட் நின்னு போய் உன் படம் அப்படியே உறைஞ்சு நிக்குது. எவ்வளவு நேரமா நிக்குதோ. சலிச்சுப் போய் பால்கனி பக்கம் திரும்பினேன். மேஸ்திரி ஒரு புல்லைக் கவ்விட்டு வந்து கண்ணாடி முன்னாடி வைக்கறான். அது கீழ விழுது. இன்னொண்ணு எடுத்துட்டு வரான். கண்ணாடிக்குள்ள இருக்கறவனும் வாயில புல்லோட நிக்கறான், வாங்கிக்க மாட்டேங்கறான். கீழ ஒரு கூடு கட்டற அளவுக்குப் புல் குவிஞ்சு கிடக்கு. எனக்கு வந்த சிரிப்பு இருக்கே, புரை ஏறி, கண்ணுல தண்ணி வந்து, தட்டைத் தள்ளி வச்சிட்டுச் சிரிச்சேன். அங்க அவன், இங்க நான்.

அதுக்கப்புறம் உன் படம் வந்துச்சு. நீ சமையல் மேடை முன்னாடி நின்னுக்கிட்டே வெறும் ரொட்டியைக் கடிச்சிட்டு இருந்த. சனிக்கிழமையாச்சே, ஃபிரெண்ட்ஸ் எல்லாம் எங்கடான்னு கேட்டேன். "ஏரிக்கரைக்குப் போயிருக்காங்கம்மா. நான் போகல. நீ காத்துட்டு இருப்பல்ல"ன்ன. சாதாரணமாத்தான் சொன்ன. எனக்கு அந்தச் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. நான் ஒருத்திதான் கண்ணாடி முன்னாடி உக்காந்திருக்கேன்னு நினைச்சேன், நீயும் அந்தப் பக்கம் அதே மாதிரி உக்காந்திருக்க. முப்பத்தோரு வயசுப் பிள்ளை, எனக்காக ஏரிக்கரைக்குப் போகாம. அன்னிக்கே போய்க் கண்ணாடியைக் கழட்டிட்டேன். மறுநாள் குருவி வளக்கறவங்க குரூப்ல, ஒரு பெட்டை வேணும்னு போட்டேன்.

பெட்டையை எடுத்துட்டு வந்தவர்தான் சுதாகர். கட்கியிலேர்ந்து பஸ்ல, மடியில கூண்டை வச்சுக்கிட்டு. ரயில்வேல டிக்கெட் கவுண்டர்ல இருந்து ரிடையர் ஆனவர், மனைவி போய் எட்டு வருஷம், பொண்ணு கல்யாணம் ஆகி நாசிக்ல இருக்கு. மராட்டிக்காரர் ஆச்சேன்னு நான் என் அரைகுறை மராட்டில "யா, பஸா"ன்னு உக்காரச் சொன்னேன். மனுஷன் கூண்டைக் கீழ வச்சிட்டு, "இன்னாம்மா, உன் குருவி நல்லா துன்னுதா?"ன்னாரே பாக்கணும். சின்ன வயசுல கட்கில அவங்க வீட்டைச் சுத்தி எல்லாம் வேலூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களாம், தெருவுல கோலி ஆடிக் கத்துக்கிட்ட தமிழ். நான் திருச்சிக்காரி, எனக்கு எப்படி இருக்கும்? "சாப்பிடுதான்னு கேளுங்க"ன்னேன். "அதான் கேட்டேன், துன்னுதா?"ன்னார். இன்னி வரைக்கும் திருத்த முடியல. உனக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத, உன் தமிழுக்கு அவர் தமிழ் எவ்வளவோ மேல்.

புதுப் பெட்டையை எடுத்ததும் ஆணோட விட்டுடக் கூடாது. கொத்திக்கும். நடுவுல கம்பித் தடுப்பு வச்சு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணா விடணும். பாத்துப் பழகி, ராத்திரி ரெண்டும் தடுப்பை ஒட்டி வந்து தூங்கினாத்தான் தடுப்பை எடுக்கலாம். நம்ம மேஸ்திரி அந்தப் பெட்டையைத் திரும்பியே பாக்கல. கண்ணாடி இருந்த இடத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தான். அவளும் லேசுப்பட்டவ இல்ல, இவனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தா. எப்படி இருக்குன்னு பாக்க சுதாகர் ஞாயித்துக்கிழமை வந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அப்புறம் புதன்கிழமையும் வர ஆரம்பிச்சார். நான் டீ போடுவேன், சர்க்கரை கம்மின்னுவார். அவர் கலயத்தை வலது மூலைல மாட்டணும்பார், நான் இடது மூலைம்பேன். கலயத்தைக் கீழ இறக்கி மேல ஏத்தி, ரெண்டு பேரும் போட்ட சண்டைல குருவிங்க பயந்தே ஒண்ணு சேந்திருக்கும்னு இப்ப அவர் சொல்றார். ஒரு காலைல போய்ப் பாத்தேன். கம்பிக்கு இந்தப் பக்கம் மேஸ்திரி, அந்தப் பக்கம் அவ, தோளோட தோள் ஒட்டிக்கிட்டு. அவ கழுத்தைச் சாச்சுக் காட்டறா, இவன் கம்பி வழியா மூக்கை நீட்டிக் கோதி விடறான். பல்லுகூட விளக்காம சுதாகருக்குப் போன் போட்டேன். "ஒண்ணாயிடுச்சுங்க"ன்னேன். அவர், "தடுப்பை எடுக்காதே, நான் வந்துர்றேன், ரெண்டு பேருமா எடுக்கலாம்"னார். பஸ் கிடைக்காம ஆட்டோ பிடிச்சு வந்தார்.

அவர் என்னைக் கேட்டது மழைக்காலத்துல. பால்கனிக்கு பிளாஸ்டிக் ஷீட் கட்டிட்டு இருந்தோம், நான் ஸ்டூல் மேல, அவர் கீழ கயித்தைப் பிடிச்சுக்கிட்டு. "உன் வீட்லயும் ஷீட்டு கட்றோம், அப்பறம் போய் என் வீட்லயும் கட்றோம். ஒரே வீடா இருந்தா ஒரு ஷீட்டு போதும்மா"ன்னார். எனக்கு வந்த கோவத்துல கயித்தை அவர் தலைலயே போட்டுட்டு, வீட்டுக்குப் போங்கன்னுட்டேன். போயிட்டார். அடுத்த புதன் வரல. ஞாயிறும் வரல. கோவம் வந்துச்சு, முதல்ல அவர் கேட்டதுக்கு, அப்புறம் அவர் வராததுக்கு. எதுக்குக் கோவம்னு எனக்கே தெரிஞ்சப்ப நானே கட்கிக்கு பஸ் ஏறினேன். வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னேன். "எங்க வீட்ல அவர் போட்டோ இருக்கற இடத்துலதான் இருக்கும். உங்க வீட்டுக்காரம்மா போட்டோவும் பக்கத்துல வரணும். நான் சத்தம் போடுவேன், மாத்திக்க மாட்டேன். எம்பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது." அவர் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, "துன்ட்டு போறியா?"ன்னார். பருப்பும் சாதமும் சாப்பிட்டுட்டு வந்தேன். உப்பு ஜாஸ்தி.

கார்த்திக், உனக்கு எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். அப்பாவை நான் மறந்துட்டேன்னு நினைக்கற. வாய் விட்டுச் சொல்ல உனக்கு வரல, எனக்குக் கேட்டுடுச்சு. இதைக் கேளு. மேஸ்திரிக்கும் அவளுக்கும் இந்தப் புரட்டாசில நாலு குஞ்சு. அதுல ஒண்ணு ஆண், கன்னத்துல இப்பதான் ஆரஞ்சு எட்டிப் பாக்குது. ஆண் குஞ்சு பாட்டைத் தன் அப்பன்கிட்டத்தான் கத்துக்கும். பக்கத்துலயே உக்காந்து கேட்டுக் கேட்டு, முதல்ல என்னவோ உளறும், அப்புறம் ஒவ்வொரு துண்டா சரி பண்ணிக்கும். நேத்து காலைல நான் காபி ஆத்திட்டு இருக்கேன், அந்தப் பொடிசு பீப் பீப்னு ஆரம்பிச்சு, கரகரன்னு போய், கடைசில இழுத்துச்சு. அதே இழுப்பு. உங்கப்பா முதல் முதல்ல அட்டைப்பெட்டில கொண்டு வந்தாரே அந்த மேஸ்திரியோடது, மகன், பேரன்னு கைமாறி இப்ப இவன்கிட்ட வந்திருக்கு. டம்ளரை வச்சிட்டு அழுதேன். சுதாகர் அப்ப தினை புடைச்சிட்டு இருந்தார். என்னன்னு கேட்டார், சொன்னேன். அவர் முறத்தைக் கீழ வச்சிட்டு, "இன்னொரு தபா பாடறானா பாப்போம்"னு என் பக்கத்துல சத்தம் காட்டாம நின்னார். நான் கண்ணாடியை எடுக்காம, அந்தப் பெட்டையைக் கொண்டு வராம இருந்திருந்தா உங்கப்பாவோட இழுப்பு மேஸ்திரியோட முடிஞ்சு போயிருக்கும். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

உனக்கு ஒரே ஒரு புத்திமதி, அம்மாவா சொல்றேன். அடுத்த தடவை கூப்பிட்டா ஏரிக்கரைக்குப் போ. என்னைக் கூப்பிடாத நாள் ரெண்டு மூணு இருக்கட்டும், நான் ஒண்ணும் காத்துட்டு இருக்க மாட்டேன், எனக்குச் சண்டை போட ஆள் கிடைச்சாச்சு. நீயும் யாரோடயாவது உக்காந்து சாப்பிடு. கல்யாணம் பண்ணிக்கோன்னு நான் சொல்லல, அதை எல்லா அம்மாவும் சொல்லியாச்சு. ஆனா நீ நீட்டற புல்லை வாங்கிக்க எதிர்ல நிஜமா ஒரு ஆள் இருக்கணும். அது ஃபிரெண்டா இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரனா இருந்தாலும் சரி.

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மூணு சாட்சி கேக்கறாங்க. சுதாகரோட பொண்ணு நாசிக்லேர்ந்து வர்றா. திருச்சிலேர்ந்து உன் சித்தி வர்றா. முதல் நாள் போன்ல ஒப்பாரி வச்சா, மறுநாளே என்ன கலர் புடவைன்னு கேட்டா. மூணாவது ஆளா வரேன்னு கீழ் வீட்டுக்காரர் சொன்னார், சுதாகரோட பழைய ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேர் சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். ஆள் இருக்குன்னு சொல்லி இருக்கேன். சுதாகர் நேத்து மெதுவா கேட்டார், "உன் புள்ள வர்லேன்னா?"ன்னு. வரலேன்னா அன்னிக்குக் கல்யாணம் இல்ல, அவன் வர்ற அன்னிக்குத்தான்னு சொல்லிட்டேன். அவர், "சரி, குருவிக்கு தண்ணி வெச்சியா?"ன்னார்.

உன் பேரைத் தமிழ்ல எழுத உங்கப்பாதான் சொல்லிக் குடுத்தார், பால்கனிச் சுவத்துல கரியால. "ர்த்" எழுத வராம நீ அழுத. இன்னும் அது அங்க இருக்கு, பெயிண்ட் அடிக்க வந்தவனை அந்த இடத்துல மட்டும் அடிக்காதேன்னு விரட்டிட்டேன். ஆபீஸ்ல கையெழுத்தை எந்த மொழில போட்டாலும் செல்லுமாம், விசாரிச்சாச்சு. வந்து போடுடா.

உன் அம்மா